தினம் பத்து வரி, முப்பது நாள்

ஜனவரியில் வீட்டுக்கு வரும் புது டைரிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே தலைவிதிதான். முதல் நாள் ஒரு முழுப் பக்கம் நிரம்பும். இரண்டாம் வாரத்தில் இரண்டு வரியாகச் சுருங்கும். பிப்ரவரி வந்தால் வெற்றுத்தாள். அதன்பிறகு பிள்ளைகளின் டியூஷன் கட்டணம், கார்க் கடன், மளிகைச் செலவு என்று அது கணக்குப் புத்தகமாக மாறிவிடும்.

வலைப்பூக்களின் கதையும் அதுவே. ‘வணக்கம், இது என் முதல் பதிவு’ என்று ஆரம்பிக்கிறோம். நான்கைந்து பதிவுகளுக்குப் பிறகு, ‘நீண்ட நாள்களாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும், இனி தொடர்ந்து எழுதுவேன்’ என்று ஒரு பதிவு வரும். பெரும்பாலும் அதுதான் கடைசிப் பதிவு.

ஏன் நின்றுபோகிறது என்று கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும். நேரமில்லை. எழுத விஷயமில்லை. பள்ளியில் எழுதியதுபோல் இப்போது தமிழ் வரவில்லை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. எழுதலாமா, எப்போது எழுதலாம், எதை எழுதலாம், எவ்வளவு எழுதலாம் என்று ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து நெரிசலில் வீடு திரும்பியவருக்கு இரவு ஒன்பது மணிக்கு நான்கு முடிவுகள் எடுக்கும் தெம்பு இருக்காது. அந்த நான்கையும் ஒரே ஒரு முறை, முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதுதான் எழுத்துச் சவால். அதற்குமேல் அதில் மந்திரம் ஏதுமில்லை.

ஒரு மாதம் என்ற வேலி

1999ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பாட்டி என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களுமாக 21 பேர் ஒரு விளையாட்டான பந்தயத்தில் இறங்கினார்கள். ஒரே மாதத்தில் ஒரு நாவலை எழுதி முடிப்பது என்பதுதான் பந்தயம். அடுத்த ஆண்டு அது நவம்பர் மாதத்துக்கு மாறியது. ‘தேசிய நாவல் எழுதும் மாதம்’ என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவி, பிற்காலத்தில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அதில் கலந்துகொண்டனர். அதை நடத்திய அமைப்பு தன் பணியை முடித்துக்கொள்வதாக 2025இல் அறிவித்தது. ஆனாலும் அந்த முறை எழுதுபவர்களிடம் நிலைத்துவிட்டது.

அவர்கள் வைத்த இலக்கு 30 நாளில் 50,000 சொல். கேட்டால் மலைப்பாக இருக்கும். 30ஆல் வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 1,667 சொல். நாவல் என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. 1,667 சொல் என்றால் இன்று என்ன செய்யவேண்டும் என்பது தெரிந்துவிடும். நல்ல நாவலா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எழுதினாயா, எவ்வளவு எழுதினாய் என்பது மட்டுமே கேள்வி.

சிங்கப்பூரில் 2014 ஏப்ரலில் இதேபோன்ற ஒரு கவிதைச் சவால் தொடங்கியது. மாதம் முழுவதும் நாளுக்கொரு கவிதை. தினமும் ஒரு தூண்டுதல் தரப்படும். எழுதியதை முகநூல் குழுவில் பகிரவேண்டும், மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள். ஊர் வேறு, வடிவம் வேறு. ஆனால் இரண்டிலும் பொதுவாக இருப்பவை மூன்று: தொடக்கமும் முடிவும் தெரிந்த காலம், எண்ணிப் பார்க்கக்கூடிய அளவு, எழுதியதைப் பார்க்க ஒருவர். நம் சவாலுக்கும் இந்த மூன்றும் போதும்.

நம்மிடம் இல்லாத பழக்கமா?

நாள்தோறும் எழுதுவதை ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கமாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736இல் தொடங்கி 1761இல் தம் மறைவுவரை, கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் துய்ப்ளே என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி என்று காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் தேதியிட்டு எழுதி வைத்தார். இலக்கியம் படைக்கிறோம் என்று அவர் உட்காரவில்லை. வணிகருக்கே உரிய கணக்கு வைக்கும் பழக்கத்தோடு எழுதினார். அன்றைய தென்னிந்தியாவைப் பற்றி எழுத வரும் ஆய்வாளர்கள் இன்றும் அந்த ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள்.

இன்னொருவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். அவருடைய ‘என் சரித்திரம்’ 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தார். அத்தொடரில் மொத்தம் 122 அத்தியாயங்கள். இரண்டேகால் ஆண்டில் 122 என்றால் ஏறக்குறைய வாரம் தவறாமல் ஒன்று. ஏட்டுச் சுவடிகளைத் தேடியலைந்து பதிப்பித்தே ஆயுளைக் கழித்தவர், சொந்தக் கதையைச் சொல்ல அந்த வயதில்தான் உட்கார்ந்தார். வாரம்தோறும் இதழ் காத்திருந்தது, அவரும் எழுதினார். அந்தக் கட்டாயம் இல்லாதிருந்தால் இத்தனை அத்தியாயங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் மண்ணிலும் இதற்கு வேர் உண்டு. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் நாளிதழ் ‘கதை வகுப்பு’ நடத்தியது. சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் வாசகர்களுக்குக் கதை எழுதப் பயிற்சி கொடுத்தார்கள். சிங்கப்பூரில் கோ.சாரங்கபாணியின் தமிழ் முரசு ‘மாணவர் மணிமன்றம்’ மூலம் இளையரை எழுத வைத்தது. மலாயாவின் பிற்கால எழுத்தாளர்கள் பலர் இந்த இரண்டு வாசல்கள் வழியாகத்தான் வந்தார்கள். எழுதுவதற்கு ஒரு தவணை, எழுதியதை எதிர்பார்க்க ஓர் இடம் என்ற ஏற்பாடு அன்றைக்கே இங்கே பலன் தந்திருக்கிறது.

21 நாளா, 66 நாளா?

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். இந்த எண்ணின் மூலம், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960இல் வெளியிட்ட ஒரு நூல். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று தாம் கவனித்ததை அவர் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட, 21 மட்டும் மிஞ்சியது.

இதை முறையாகச் சோதித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். அவர்களுடைய ஆய்வு 2009இல் வெளிவந்தது. 96 பேர் தலைக்கு ஒரு புதிய பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரு குறிப்பிட்ட வேளையோடு இணைத்து, 12 வாரம் செய்து பார்த்தார்கள். மதிய உணவோடு ஒரு பழம் சாப்பிடுவது, காலை உணவுக்குப் பின் நடப்பது போன்ற சிறிய பழக்கங்கள்தான். யோசிக்காமலே கை அதைச் செய்யும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் படிந்தது. சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு காட்டியது.

இந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, முப்பது நாளில் பழக்கம் முழுதாகப் படிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முப்பதாம் நாளும் சற்றுச் சிரமமாகவே இருந்தால் உங்களிடம் குறை எதுவும் இல்லை, பாதி தூரம் வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இரண்டாவது இன்னும் முக்கியம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை என்றும் அந்த ஆய்வு கண்டது. ‘ஒரு நாள் விட்டாச்சு, இனி எதற்கு’ என்று டைரியை மூடிவைப்பவர்கள் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இது.

சவாலை வகுத்துக்கொள்வது எப்படி?

ஒரு தாளை எடுத்து ஐந்து விஷயங்களை இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, அளவு. பத்து வரி போதும். குறிப்பேட்டில் ஒரு வரிக்கு எட்டுச் சொல் என்றால் நாளைக்கு எண்பது சொல். முப்பது நாள் முடிவில், நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையைவிடக் கூடுதலான எழுத்து சேர்ந்திருக்கும். உற்சாகத்தில் ‘தினமும் இரண்டு பக்கம்’ என்று வைத்துவிடாதீர்கள். உடம்பு சரியில்லாத நாளிலும், விருந்தாளி வந்த நாளிலும், அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் நாளிலும் முடியக்கூடிய அளவுதான் சரியான அளவு. அதிகம் வரும் நாளில் அதிகமாக எழுதுங்கள், அது உபரி. மறுநாள் மீண்டும் பத்து வரிதான் கணக்கு.

இரண்டாவது, வேளை. ‘நேரம் கிடைக்கும்போது’ என்பது ஒரு வேளையே இல்லை. ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்யும் ஒன்றோடு எழுத்தை முடிச்சுப் போடுங்கள். ‘காலையில் எல்ஆர்டியில் இருக்கை கிடைத்ததும் எழுதுவேன்’, ‘பிள்ளையை டியூஷனில் இறக்கிவிட்டுக் காரில் காத்திருக்கும்போது எழுதுவேன்’, ‘இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் எழுதுவேன்’ என்று, இது நடந்ததும் அது என்ற முறையில் வகுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து சொன்ன வழி இது. ‘செய்யப்போகிறேன்’ என்று பொதுவாக எண்ணுபவர்களைவிட, எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று குறித்துக்கொள்பவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள்.

நேரமே இல்லை என்பவர்களுக்கு ஆண்டனி டிரோலப்பின் கதை ஆறுதல் தரலாம். 19ஆம் நூற்றாண்டின் இந்த ஆங்கில நாவலாசிரியர் அஞ்சல்துறையில் முழுநேர அதிகாரி. அதிகாலை 5.30க்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதிவிட்டு, பிறகு வேலைக்குப் போவார். அந்த நேரத்துக்குக் காப்பியோடு தம்மை எழுப்பிவிடுவதற்கென்றே வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார். அவர் எழுதிய நாவல்கள் 47. நமக்குக் காப்பி கொண்டுவர ஆள் இல்லாவிட்டாலும், கைப்பேசியில் அலாரம் இருக்கிறது.

மூன்றாவது, இடம். குறிப்பேடா, கைப்பேசியா, வலைப்பூவா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். முப்பது நாளும் மாற்றாதீர்கள். அழகான குறிப்பேடு வாங்கவும், வலைப்பூவின் வண்ணத்தை மாற்றவும் செலவழிக்கும் நேரம் எழுதிய நேரமாகாது.

நான்காவது, பார்ப்பதற்கு ஒருவர். உடன்பிறப்போ, பள்ளித் தோழியோ, அலுவலக நண்பரோ யாராவது ஒருவர் போதும். அவர் திருத்த வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். நீங்கள் இரவில் ‘முடிந்தது’ என்று புலனத்தில் அனுப்பினால், அவர் ஒரு கட்டைவிரலைக் காட்டினால் சரி. இரண்டு பேருமே எழுதுபவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

ஐந்தாவது, விட்டுப்போன நாளுக்கான விதி. விட்டுப்போகாது என்று நம்பிக்கொண்டிருப்பதைவிட, விட்டுப்போனால் என்ன செய்வது என்று முன்பே எழுதிவைப்பது நல்லது. எளிய விதி இதுதான்: ஒரு நாள் விடலாம், தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது. விட்ட பத்து வரியை மறுநாள் இருபதாக எழுதி ஈடுகட்டவும் வேண்டாம். பள்ளியில் கொடுத்த தண்டனை எழுத்துபோல் அது கசந்துவிடும்.

எதை எழுதுவது?

பெரும்பாலான சவால்கள் இரண்டாம் வாரத்தில்தான் தள்ளாடுகின்றன. மனதில் முன்பே இருந்த ஏழெட்டு விஷயங்கள் தீர்ந்துபோயிருக்கும். இதைத் தடுக்க, தொடங்குவதற்கு முன்பே முப்பது தலைப்புகளை ஒரு பட்டியலாக எழுதிவையுங்கள். வாழ்க்கையின் பொருள், நட்பின் பெருமை போன்ற தலைப்புகள் பட்டியலில் வேண்டாம். அவை பள்ளிக் கட்டுரைக்குப் போதும். கையால் தொடக்கூடிய சின்ன விஷயங்களாக இருக்கட்டும்.

தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் பெயர். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது. வீட்டில் யாரும் எழுதிவைக்காத ஒரு சமையல் குறிப்பு. முதல் சம்பளத்தில் வாங்கியது. தமிழ்ப்பள்ளிக்கு நடந்துபோன பாதை. அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியில் தினமும் பார்க்கும், பெயர் தெரியாத ஒருவர். வீட்டில் மட்டும் புழங்கும் ஒரு சொல். தீபாவளிக்கு முதல் நாள் இரவு அடுப்படியில் நடப்பது. அப்பா இன்னும் தூக்கிப்போடாமல் வைத்திருக்கும் ஒரு பொருள். பத்து நிமிடம் யோசித்தால் பாதிப் பட்டியல் தயாராகிவிடும்.

எழுதும்போது ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ‘என் பாட்டி மிகவும் அன்பானவர், உழைப்பாளி’ என்று எழுதினால் அது எல்லாருடைய பாட்டியும்தான். ‘பால்மரம் வெட்டிவிட்டு வந்தால், ஒட்டுப்பால் வாடை போகவேண்டும் என்று எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பாட்டி எங்களைத் தொடுவார்’ என்று எழுதினால் அது உங்கள் பாட்டி மட்டும்தான். அன்பு என்ற சொல் அங்கே தேவைப்படவே இல்லை.

இதில் பொழுதுபோக்கைவிடப் பெரிய ஒன்றும் அடங்கியிருக்கிறது. பெரட்டுக்களம், மங்கு, ஒட்டுப்பால், கிராணி, ஆயாக் கொட்டகை என்ற சொற்களெல்லாம் ஒரு காலத்தில் இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடப் பேச்சு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகவும் ஆகி, மக்கள் நகரங்களுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சொற்களைச் சொன்னதும் முகத்தில் ஏதோ ஒன்று அசையும் தலைமுறை இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டது. தோட்டத்து வரலாற்றைப் பற்றி நூல்கள் உண்டு. ஆனால் உங்கள் குடும்பம் எந்த லயத்தில் எத்தனையாவது வீட்டில் இருந்தது, அடுப்படிச் சுவரில் என்ன மாட்டியிருந்தது என்பதை எந்த ஆய்வாளரும் எழுதப்போவதில்லை. கேட்டு எழுத வேண்டியவர் வீட்டிலேயே இருக்கிறார். கேட்க வேண்டியவரும் இன்னும் அருகில் இருக்கிறார் என்றால் அது கொடுப்பினைதான்.

ஓர் எச்சரிக்கை. குறிப்பேட்டில் எதையும் எழுதலாம், வலைப்பூவிலோ முகநூலிலோ போடுவதற்கு முன் சற்று நிதானம் வேண்டும். மற்றவருடைய நோய், கடன், மணமுறிவு போன்றவை நம்முடைய கதையாக இருந்தாலும் அவர்களுடைய கதையும்கூட. கேட்டுவிட்டு வெளியிடுங்கள், அல்லது குறிப்பேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வரவில்லையே என்பவர்களுக்கு

நம்மில் பலருக்கு எஸ்பிஎம் தேர்விலோ சிங்கப்பூரின் ‘ஓ’ நிலைத் தேர்விலோ எழுதிய கட்டுரைதான் தமிழில் கடைசியாக எழுதியது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் மலாய் அல்லது ஆங்கிலம், புலனத்தில் ஆங்கில எழுத்துகளில் தமிழ். வீட்டில் நன்றாகப் பேசுகிறோம், ஆனால் நான்கு வரி எழுத உட்கார்ந்தால் ‘ர’வா ‘ற’வா என்று கை நிற்கிறது. வெட்கத்தில் அப்படியே விட்டுவிடுகிறோம். எழுதாத கைக்கு எழுத்து மறக்கும், எழுதினால் திரும்ப வரும். ஓட்டப் பயிற்சிக்குப் போகாதவருக்கு மூச்சு வாங்குவது போலத்தான் இதுவும்.

முதல் வாரம் பிழையோடு எழுதுங்கள். சந்தேகமான சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். வாரக் கடைசியில் கோடிட்ட சொற்களை மட்டும் அகராதியில் பார்த்தால் போதும். நடுவில் நிறுத்தித் திருத்த ஆரம்பித்தால் பத்து வரி மூன்று வரியில் நின்றுவிடும். ஒரு சொல்லுக்குத் தமிழ் தெரியாவிட்டால் வீட்டில் சொல்வதையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள்.

தட்டச்சைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். கைப்பேசியில் தமிழில் எழுத வழிசெய்த ‘செல்லினம்’ மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. 2005 பொங்கலையொட்டி வெளியானது. 2013இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகைகள் இடம்பெற்றன. ஒலிப்பு முறையில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் ‘அஞ்சல்’ முறை உடனே கைவரும். நீண்ட நாள் எழுத எண்ணுபவர்கள் ‘தமிழ்99’ விசைமுகத்தைப் பழகிக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் மெதுவாக இருந்தாலும், பழகியபின் தட்டும் விசைகள் குறையும். தட்டச்சே பிடிக்காதவர்கள் பேனாவால் எழுதிப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

‘செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் ஒரு நொடியில் பத்து வரி எழுதித் தருமே’ என்று இளையர்கள் கேட்கக்கூடும். தரும். ஆனால் உங்கள் பாட்டி கையில் எதைத் தேய்த்துக் கழுவினார் என்பது அதற்குத் தெரியாது. எழுதியபிறகு எழுத்துப்பிழை பார்க்க அதைக் கேட்பதில் தவறில்லை. நடைப்பயிற்சிக்கு மட்டும் நமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியாது.

வீடே சேர்ந்து எழுதினால்

தமிழ் படிக்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால் இதைக் குடும்பச் சவாலாகவே வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்குப் பத்து வரி, பிள்ளைகளுக்கு மூன்று வரி. எழுதத் தெரியாத சிறியவர்கள் படம் வரையட்டும். எழுத முடியாத தாத்தா பாட்டி வாயால் சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம், எல்லாரும் ஒரே மேசையில், கைப்பேசிகள் வேறு அறையில்.

பெற்றோருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: சிவப்புப் பேனாவைத் தொடக்கூடாது. பிழையைப் பார்த்ததும் திருத்தத் துடிக்கும் கை நம் எல்லாருக்கும் உண்டு. அந்த முப்பது நாளுக்கு மட்டும் அதை அடக்கிக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு ஆசிரியர் இருக்கிறார், தேர்வு இருக்கிறது. மதிப்பெண் இல்லாமல் தமிழில் எழுதும் இடம் ஒரு பிள்ளைக்கு வேறெங்கே கிடைக்கும்? ‘இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லேன்’ என்று கேட்டால் மறுநாள் மூன்று வரி ஐந்து வரியாக வளர வாய்ப்புண்டு. அப்பாவும் அம்மாவும் எழுத்துக்கூட்டித் திணறுவதைப் பிள்ளை பார்ப்பதும் நல்லதே. தமிழ் எழுதுவது பள்ளியோடு முடிகிற வேலை இல்லை என்பதை அறிவுரை சொல்லாமலே அது காட்டிவிடும்.

முப்பத்தோராம் நாள்

முடித்த மறுநாள் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். அன்று படிக்கும் நாள். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படியுங்கள். பெரும்பகுதி சாதாரணமாகத்தான் இருக்கும். சில நாள்கள் கடமைக்கு எழுதியவை என்பதும் தெரியும். ஆனால் முப்பதில் நான்கைந்து இடங்களில், ‘இதை நானா எழுதினேன்’ என்று ஒரு கணம் நின்று படிக்கும்படி ஏதாவது இருக்கும். அவற்றைக் கோடிட்டு வையுங்கள். வலைப்பூவுக்கோ, பத்திரிகைக்கோ, ஒரு சிறுகதைக்கோ விதை அங்கேதான் கிடைக்கும்.

பிறகு அடுத்த சுற்றை முடிவு செய்யுங்கள். அதே பத்து வரியோடு இன்னொரு முப்பது நாள் சென்றால், ஆய்வாளர்கள் கண்ட 66 நாளுக்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள். தினமும் வேண்டாம், வாரம் ஒரு முழுக் கட்டுரை எழுதி வலைப்பூவில் போடலாம் என்று மாற்றிக்கொள்வதும் நல்ல முடிவே. அதற்கும் கிழமை, வேளை, அளவு, வாசகர் என்று எல்லாவற்றையும் முன்போலவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முப்பது தலைப்புகளில் பாதியாவது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டியவையாக இருக்கட்டும்.

தொடங்குவதற்குப் புத்தாண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே தொடங்கலாம். வீட்டில் வயதில் மூத்தவரிடம், பக்கத்தில் இல்லையென்றால் தொலைபேசியிலாவது, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சின்ன வயதில் நீங்கள் இருந்த வீட்டின் வாசலில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே பத்து வரியாக எழுதி, மேலே இன்றைய தேதியைப் போட்டுவிடுங்கள். முதல் நாள் கணக்கு முடிந்தது.